சிரிப்பூட்டுவதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? தேக்கடி வட்டாரத்துத் தொடக்கநிலையாளர்களுக்கு

குமுளியில் ஏலக்காய்க் கடையில் நிற்பவரும், ஜீப் ஓட்டுபவரும், ஹோம்ஸ்டே நடத்துபவரும், காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் மலையேறி வேலைக்கு வருபவரும் விலை, தூரம், நேரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் தடையின்றிச் சொல்லிவிடுகிறார்கள். வெளிநாட்டு விருந்தினரோடு சேர்ந்து சிரிக்கும்போதுதான் சொல் கிடைப்பதில்லை. கைவசம் இருப்பது பெரும்பாலும் 'காமெடி' ஒன்றுதான். தமிழில் பேசுவதுபோலவே 'வெரி காமெடி சார்' என்று சொன்னால், எதிரில் இருப்பவர் பொருளை ஊகித்துக்கொள்வாரே தவிர, அது ஆங்கிலமாகாது. ஆங்கிலத்தில் காமெடி என்பது நாடகம், திரைப்படம் போன்றவற்றின் வகையைக் குறிக்கும் பெயர்ச்சொல். கண்முன் நடந்த ஒன்று சிரிப்பை வரவழைத்தது என்று சொல்வதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன.

பழகுவதற்கு ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். தேக்கடிப் படகுத்துறைக்கு இறங்கும் வழியில் பயணி ஒருவர் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்திருக்கிறார். குரங்கு ஒன்று அதைப் பறித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பல்லால் கிழிக்கிறது. சிப்ஸ் முழுவதும் கீழே கொட்டுகிறது. காத்திருந்த குட்டிகள் அள்ளித் தின்கின்றன. மேலே இருக்கும் குரங்கு வெறும் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவுகிறது.

முதல் படி: 'ஃபன்னி'யையும் 'ஃபன்'னையும் பிரித்தறிதல்

குரங்கு செய்தது ஃபன்னி. 'தட் வாஸ் ஃபன்னி' என்றால் போதும். வேறு எதுவும் நினைவுக்கு வராவிட்டாலும் இந்த ஒன்றைக் கொண்டு ஒப்பேற்றிவிடலாம். ஆனால் படகுப் பயணம் ஃபன்னி ஆகாது, அது ஃபன். மகிழ்ச்சியாகப் பொழுது போனால் ஃபன், சிரிப்பு வந்தால் ஃபன்னி. 'த போட் ரைடு வாஸ் ஃபன்னி' என்று ஒருவர் சொன்னால், படகில் ஏதோ ஏறுக்குமாறாக நடந்திருக்கிறது என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார்.

ஃபன்னிக்கு இன்னொரு பொருளும் உண்டு, விருந்தோம்பல் தொழிலில் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான, ஏதோ சரியில்லாத ஒன்றையும் ஆங்கிலம் பேசுபவர்கள் ஃபன்னி என்பார்கள். 'திஸ் மில்க் ஸ்மெல்ஸ் ஃபன்னி' என்று விருந்தினர் சொன்னால் சிரிக்கக் கூடாது. பாலை மாற்றிக் கொடுக்க வேண்டும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் பின்னிருக்கையிலிருந்து 'மை ஸ்டமக் ஃபீல்ஸ் ஃபன்னி' என்று குரல் வந்தால், வண்டியை உடனே ஓரம் கட்டுவது நல்லது. இந்த இரட்டைப் பொருள் ஆங்கிலேயருக்கே குழப்பம் தருவதால்தான் 'ஃபன்னி ஹாஹாவா, ஃபன்னி பிக்யூலியரா' என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது.

இரண்டாம் படி: சிரிப்பின் அளவைக் கணித்தல்

உதட்டோரம் புன்னகை வரச் செய்வது அம்யூசிங். வாய்விட்டுச் சிரிக்க வைப்பது ஃபன்னி. வயிறு வலிக்க, கண்ணில் நீர் வரச் சிரிக்க வைப்பது ஹிலேரியஸ். மூன்றாவது சொல்லில் 'மிகவும்' என்பது ஏற்கெனவே அடங்கியிருப்பதால், அதன் முன் 'வெரி' சேர்ப்பது பொருந்தாது. அழுத்திச் சொல்ல விரும்பினால் 'அப்சொல்யூட்லி ஹிலேரியஸ்' எனலாம். உச்சரிக்கும்போது அழுத்தம் 'லே' என்ற அசையில் விழ வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் இந்தச் சொல்லின் மீது ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் இதையே போடுகிறார்கள்; சாதாரண நகைச்சுவைக்கெல்லாம் அதைச் செலவழித்துவிட்டால், குரங்கு வெறும் பாக்கெட்டைத் துழாவும் அந்தக் கணத்துக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

அம்யூசிங், அம்யூஸ்டு ஆகிய இரண்டையும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிப்பூட்டுவது அம்யூசிங், அதைக் கண்டு ரசிப்பவர் அம்யூஸ்டு. குரங்கைப் பார்த்துச் சிரித்த நீங்கள் 'ஐ ஆம் அம்யூசிங்' என்றால், நானே ஒரு வேடிக்கைப் பொருள் என்று சொல்லிக்கொண்டதாக ஆகும். 'ஹீ வாஸ் நாட் அம்யூஸ்டு' என்பது, அவர் சிரிக்கவில்லை என்பதோடு நில்லாமல், எரிச்சலில் இருந்தார் என்பதையும் மரியாதையாகச் சொல்லும் முறை. சிப்ஸைப் பறிகொடுத்தவருக்கு இது பொருத்தமாக இருக்கலாம்.

மூன்றாம் படி: சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தல்

உடல் அசைவிலும் முகபாவத்திலும் பிறக்கும் சிரிப்புக்குக் காமிக்கல் என்ற சொல் பொருந்தும்; நம் குரங்கு காமிக்கல். விழுவது, மோதுவது, அடிபடுவது போன்றவற்றால் சிரிக்க வைக்கும் நகைச்சுவைக்கு ஸ்லாப்ஸ்டிக் என்று பெயர். பழைய இத்தாலிய நாடகங்களில் இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மட்டையால் அடிப்பார்கள். சத்தம் பெரிதாகக் கேட்கும், வலி அதிகம் இருக்காது. அந்த மட்டையின் பெயரே பிற்காலத்தில் இவ்வகை நகைச்சுவைக்கும் வந்தது. சார்லி சாப்ளின் படங்களில் இதை நிறையக் காணலாம். அதே மௌனப்பட காலத்தில் பஸ்டர் கீட்டன் என்ன நேர்ந்தாலும் முகத்தில் சலனமே காட்டாமல் நடித்தார். சிரிக்காமல் சிரிக்க வைக்கும் அந்த முறைக்கு டெட்பான் என்று பெயர். பான் என்பது அமெரிக்கக் கொச்சையில் முகத்தைக் குறித்த சொல்.

சொல்லின் சாதுரியத்தில் பிறக்கும் சிரிப்புக்கு விட்டி. இது மனிதருக்கும் அவர்கள் சொல்லும் வார்த்தைக்கும் மட்டுமே பொருந்துமாதலால், குரங்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் விட்டி ஆகாது. 'ஷீ இஸ் விட்டி' என்பது பாராட்டு. பேச்சில் சட்டென்று பதில் கொடுக்கும் விருந்தினரிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம். எழுத்திலோ மேடைப் பேச்சிலோ உள்ள நகைச்சுவைக்கு ஹ்யூமரஸ் என்ற சற்றுச் சம்பிரதாயமான சொல் உண்டு. அன்றாடப் பேச்சில் அது அவ்வளவாக வருவதில்லை.

ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஆளும் சிலேடைக்கு ஆங்கிலத்தில் பன் என்று பெயர். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டைப் பொருத்திய காளமேகப் புலவரை நாம் கொண்டாடுகிறோம். ஆங்கிலம் பேசுபவர்களோ நல்ல பன்னைக் கேட்டாலும் தலையில் கைவைத்து முனகுவார்கள். அந்த முனகலே பாராட்டு என்பதால் மனம் தளர வேண்டியதில்லை. நாம் கடி என்றும் மொக்கை என்றும் சொல்வதை, இங்குள்ள மலையாள நண்பர்கள் சளி என்கிறார்கள். அவர்கள் மொழியில் அது சேற்றைக் குறிக்கும் சொல், நம் மூக்கோடு அதற்குத் தொடர்பில்லை. இப்படிப்பட்ட நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் கார்னி என்ற சொல் இருக்கிறது. 'சாரி, தட் வாஸ் கார்னி' என்று தாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், மொக்கை ஜோக்குக்கும் ஒரு சிரிப்பு கிடைத்துவிடும்.

நான்காம் படி: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசித்தல்

என் கணிப்பில், மற்ற படிகளில் தவறினால் ஆங்கிலம்தான் சற்றுக் கோணலாகும். இதில் தவறினால் ஆளே கோபித்துக்கொள்வார். லாஃபபிள் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சிரிக்கத்தக்கது என்றுதான் தோன்றும். ஆனால் வழக்கில் அது ஏளனம். வாடிக்கையாளர் கேட்கும் விலையை 'லாஃபபிள்' என்றால் நீங்கள் அவரை அவமதிக்கிறீர்கள். ரிடிக்யுலஸ் என்ற சொல்லை நண்பர்கள் தங்களுக்குள் செல்லமாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அதே சொல் ரசீதைப் பார்த்தபடி வந்தால், 'இது அநியாயம்' என்று பொருள். இவ்விரண்டையும் காதால் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், தொடக்கத்திலேயே வாயால் சொல்லிப் பார்க்க வேண்டியதில்லை.

'அட்', 'வித்' என்ற சிறு சொற்களிலும் கவனம் தேவை. 'லாஃபிங் வித் யூ' என்றால் உங்களோடு சேர்ந்து சிரிப்பது, 'லாஃபிங் அட் யூ' என்றால் உங்களைப் பார்த்துச் சிரிப்பது. பயணி தம்மைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்துவிட்டால், 'ஐ வாஸ் லாஃபிங் அட் த மங்க்கி' என்று உடனே சொல்லிவிடுங்கள். 'மேக் ஃபன் ஆஃப்' என்பதில் ஃபன் இருந்தாலும் அதன் பொருள் கேலி செய்வது என்பதே.

ஐந்தாம் படி: நடந்ததைச் சொல்லிப் பழகுதல்

முதலில் நடந்ததைச் சிறு வாக்கியங்களாகச் சொல்லிவிட்டு, வருணிக்கும் சொல்லைக் கடைசியில் வையுங்கள். அதையும் மொத்த நிகழ்ச்சியின் மீது பூசாமல், குறிப்பிட்ட ஒன்றின் மீது வையுங்கள். 'எ மங்க்கி ஸ்டோல் ஹிஸ் சிப்ஸ். இட் ஓப்பன்டு த பாக்கெட் அப்சைட் டவுன். த லுக் ஆன் இட்ஸ் ஃபேஸ் வாஸ் ஹிலேரியஸ்.' மூன்றையும் உரக்கச் சொல்லிப் பழகியபின், மங்க்கி இருக்கும் இடத்தில் உங்கள் வீட்டு ஆட்டையோ பேரப்பிள்ளையையோ வைத்துப் புது வாக்கியங்களை அமைத்துப் பாருங்கள்.

பேசும்போது எதிரே உள்ளவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். யானை பின்னால் வருகிறது என்று ஜீப்பில் பொய்யாகப் பயமுறுத்தியபின், விருந்தினர் சிரிப்பே இல்லாமல், இழுத்த குரலில் 'வெரி ஃபன்னி' என்றால், அது பாராட்டு ஆகாது. போதும், நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறார். அதற்கு 'சாரி, ஐ வாஸ் ஜஸ்ட் ஜோக்கிங்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்து எங்கே தேநீருக்கு நிறுத்தலாம் என்று கேட்டுவிடுங்கள்.