குடியாத்தத்துப் பாவும் 240 டங்ஸ்டன் கம்பிகளும்: எக்ஸ்-ரே பிறப்பது எப்படி?

எக்ஸ்-ரே என்றதும் வேலூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நின்று, "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்ற குரலுக்குக் காத்திருப்போம். அந்தக் கருவிக்குள் எலக்ட்ரான்கள் பாய்ந்து ஒரு டங்ஸ்டன் தகட்டில் மோதுகின்றன, எக்ஸ்-ரே வருகிறது. இந்தப் பதிவில் பார்க்கப்போவது வேறு முறை. இதில் டங்ஸ்டன் அடி வாங்குவதில்லை. டங்ஸ்டன் கம்பிகளால் கட்டிய கூண்டு ஒன்றில் பெரும் மின்னோட்டம் பாய, அது தானே உருகி, ஆவியாகி, பிளாஸ்மாவாகி (அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த சுடுவாயுவாகி), நடுவில் வந்து மோதி எக்ஸ்-ரேயாக ஒளிர்கிறது.

வீட்டில் எக்ஸ்-ரே தயாரிக்கும் வழி இது அல்ல. அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே திரும்பிவிடலாம். நாம் செய்யப்போவது ஒரு சிறு சோதனை, ஒரு நூல் மாதிரி, ஒரு கணக்கு. கெப்பாசிட்டர் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். பள்ளி நாளில் பழைய கேமராவின் பிளாஷைப் பிரித்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டோம் என்ற தைரியம். உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நின்றது தெரியாது. முழங்கை வரை இழுத்தது. ஸ்க்ரூடிரைவர் அடுத்த அறையில் போய் விழுந்தது.

படி 1: இரண்டு தாள்கள் ஒன்றையொன்று இழுப்பதைப் பாருங்கள்

சமையலறை அலுமினியத் தாளில் அரை சென்டிமீட்டர் அகலம், ஒரு முழம் நீளத்தில் இரண்டு நாடாக்கள் வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் ஒட்டி, கொஞ்சம் தொய்வாகத் தொங்கவிடுங்கள். டார்ச்சில் போடும் பெரிய செல் இரண்டை வரிசையாகச் சேர்த்து, ஒரு முனையை இரண்டு நாடாக்களின் மேற்பக்கத்துக்கும் மறுமுனையைக் கீழ்ப்பக்கத்துக்கும் தொடுங்கள். இரண்டு நொடி போதும்; அதற்கு மேல் வைத்தால் செல் சுடும். இன்வெர்ட்டர் பேட்டரி, செல்போன் பேட்டரி எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும். மே மாதத்து வேலூரில் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத் தெரியும். நெற்றி வியர்வை நாடா மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்லைத் தொட்ட கணத்தில் இரண்டு நாடாக்களும் மெல்லத் துடித்து உள்பக்கம் சாயும், எடுத்தால் பிரியும். ஒரே திசையில் மின்னோட்டம் ஓடும் கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும். இந்தப் பதிவில் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

1905-இல் ஆஸ்திரேலியாவின் ஹார்ட்லி வேல் என்ற இடத்தில் இடி தாங்கியாக இருந்த ஒரு செப்புக் குழாய், மின்னல் பாய்ந்ததும் உள்நோக்கி நசுங்கிப்போனது. பொல்லாக், பராக்ளஃப் என்ற இருவர் அதை ஆராய்ந்து, குழாயை நசுக்கியது அதில் ஓடிய மின்னோட்டத்தின் காந்த விசைதான் என்று காட்டினார்கள். உங்கள் நாடாக்கள் சாய்ந்ததும் அதே விசையால்தான்.

படி 2: நூலால் ஒரு கம்பிக்கூண்டு கட்டுங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு டப்பா மூடிகளின் விளிம்பில் சம இடைவெளியில் 24 துளைகள் போடுங்கள். மேல் மூடியிலிருந்து கீழ் மூடிக்கு நூலைக் கோத்து இறக்கினால் உருளை வடிவில் ஒரு கூண்டு கிடைக்கும். உண்மையான கூண்டும் இந்த வடிவம்தான்.

பார்க்க எளிது, கட்டினால்தான் தெரியும். முதல் முறை எனக்கு ஏழெட்டு நூல்கள் தொய்ந்துவிட்டன. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரல் நுனியால் ஒரு சுற்று வருடிப் பார்த்தார். "ஒவ்வொரு இழையிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டு, அதன் பிறகு முடிச்சுப் போடு. தறியில் நீளவாக்கில் கட்டும் பாவில் ஒரு இழை தளர்ந்தால் துணி முழுக்க அந்தக் கோடு தெரியும்" என்றார். ஆளுக்கொரு நட்டு தொங்கவிட்டுக் கட்டியதும் கூண்டு நேராக நின்றது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்தில் இசட் என்ற இயந்திரம் இருக்கிறது. 1990-களின் இறுதியில் அதில் வைத்த கூண்டு ஒன்றின் அளவுகள்: குறுக்களவு 4 சென்டிமீட்டர், உயரம் 2 சென்டிமீட்டர், கம்பிகள் 240. ஒவ்வொன்றும் 7.5 மைக்ரான் தடிமன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். அவ்வளவு கம்பியும் சேர்ந்து எடை 4 மில்லிகிராம்தான். கையால் கோக்க வேண்டிய வேலை. ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கில் எரிந்துபோகப்போகும் பொருளுக்கு இத்தனை பொறுமை! பெரியப்பா கேட்டால் சிரிப்பார்.

படி 3: கணக்கைப் போடுங்கள்

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டின் மீது உள்நோக்கி அழுத்தும் மொத்த விசைக்கு ஒரு எளிய சூத்திரம்: மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுத்து, கடைசியில் ஒரு கோடியால் வகுக்க வேண்டும். மின்னோட்டம் 2 கோடி ஆம்பியர். உயரமும் ஆரமும் 2 சென்டிமீட்டர் என்பதால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது 4 கோடி நியூட்டன், அதாவது ஏறத்தாழ 4,000 டன் எடை. ஒன்றிரண்டு கடுகு எடையுள்ள கம்பியின் மேல் 4,000 டன்!

விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். அதை வைத்து 2 சென்டிமீட்டர் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் 63 நானோநொடி வரும் (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). நடுவில் வந்து சேரும்போது வேகம் நொடிக்கு 630 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வேலூரிலிருந்து சென்னைக்குக் கால் நொடிகூட ஆகாது. மின்னோட்டம் தொடக்கத்திலேயே உச்சத்தில் இருப்பதாக வைத்துக்கொண்ட தோராயக் கணக்கு இது. உண்மையில் அது உச்சம் தொடவே சுமார் 100 நானோநொடி ஆகிறது. உள்ளே போகப் போக ஆரம் சுருங்கி விசை கூடும் என்பதையும் நாம் கணக்கில் எடுக்கவில்லை.

படி 4: மின்சாரத்தைத் தேக்கி, ஒரேயடியாகத் திறப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 36 மார்க்ஸ் மின்னாக்கிகளில் கெப்பாசிட்டர்களைப் பக்க இணைப்பில் மெதுவாக ஏற்றி, பொறி தட்டியதும் தொடர் இணைப்பாக மாற்றி இறக்குகிறார்கள். ஒரு பெரிய ஏரியின் மதகு அடுத்த சிற்றேரியை நிரப்ப, அது இன்னும் அகன்ற மதகால் அதைவிட வேகமாக வடிவது போல, மின்துடிப்பு கட்டம் கட்டமாகக் குறுகிக்கொண்டே வருகிறது. முதல் கட்டம் எண்ணெய்த் தொட்டியில், அடுத்தது தண்ணீரில், கடைசியாக வெற்றிடத்தில் நிற்கும் கூண்டுக்கு. 1990-களில் தேக்கிய ஆற்றல் 11.4 மெகாஜூல். நம் மின்கட்டணக் கணக்கில் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல்!

படி 5: மோதல்

கம்பிகள் முழுக்க ஒரேயடியாகப் பிளாஸ்மாவாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நடப்பதில்லை. மேல்தோல் கொதித்துப் பிளாஸ்மாவாக உள்ளே வழிகிறது. நடுத்தண்டு வெகுநேரம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கடைசிக் கட்டத்தில்தான் மிச்சம் எல்லாம் சேர்ந்து பாய்கிறது. நடுவில் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவை முட்டி நின்றதும், வேகம் வெப்பமாகிறது: சுமார் 20 லட்சம் டிகிரி. கொல்லன் உலையில் இரும்பு சிவந்து, மஞ்சளாகி, வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையை 20 லட்சம் டிகிரி வரை நீட்டினால் வரும் ஒளி எக்ஸ்-ரே. அந்தக் கூண்டு கொடுத்தது ஏறக்குறைய 2 மெகாஜூல், அதாவது அரை யூனிட். ஆனால் அது சில நானோநொடியில் வெளிப்பட்டதால் உச்சத் திறன் 200 டெராவாட்டை, அதாவது 200 லட்சம் கோடி வாட்டைத் தொட்டது. இது மென்மையான, அதாவது ஊடுருவும் திறன் குறைந்த எக்ஸ்-ரே. கை எலும்பைப் படம் பிடிக்க உதவாது. அணுக்கரு இணைவு, விண்மீன்களின் உட்பொருள், அமெரிக்க அணு ஆயுதங்கள் பற்றிய ஆய்வு என்று அதன் பயன்கள் வேறு.

படி 6: ஏன் 240 கம்பி?

ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அட்டையால் மூடிக் கவிழ்த்து, அட்டையைச் சட்டென்று உருவுங்கள். தண்ணீர் தட்டையாக இறங்காது. விரல்கள் போலக் கிளைத்து விழும், இடையே காற்று மேலேறும். கீழே வாளி வையுங்கள். பாலாறு ஓடாத ஊரில் ஒரு டம்ளர் தண்ணீரும் கணக்குதான். கனமானதை லேசானது தாங்க முயன்றால் இப்படித்தான் பிய்ந்துபோகும். ராலே–டெய்லர் நிலைகுலைவு என்பது இதன் பெயர். இங்கே பிளாஸ்மாவை நெருக்கும் காந்தப்புலம், கவிழ்த்த டம்ளருக்குக் கீழே உள்ள காற்றைப் போல. கம்பிகள் குறைவாக, இடைவெளி அதிகமாக இருந்தால் தொடக்கத்திலேயே மேடுபள்ளம் விழுந்து, ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நேரத்தில் நடுவுக்கு வருகிறது. ஒளி நீண்டு மங்குகிறது. 1990-களின் நடுவில் சாண்டியாவின் சாட்டர்ன் இயந்திரத்தில் கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தார்கள். எக்ஸ்-ரே திறன் தாவி ஏறியது. இயந்திரம் பழையதுதான், மாறியது பாவு.

இனி நீங்களே போட ஒரு கணக்கு. கம்பியின் எடையை 16 மில்லிகிராமாக மாற்றிப் படி 3-ஐத் திரும்பச் செய்யுங்கள். 126 நானோநொடி வர வேண்டும். அதற்குள் மின்னோட்டம் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருக்கும். காட்பாடியில் ரயில் கிளம்பிய பிறகு படியேறி வந்த கதைதான்.