கையால் நிரப்பிய தோட்டா: வேகம் சீராக இருக்கிறதா என்று குரோனோகிராஃபில் பார்ப்பது எப்படி?

தோட்டா நிரப்பப் புதிதாகக் கற்பவர்கள் இலக்குத் தாளை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 100 கெஜத்தில் அது போதாது. விநாடிக்கு 50 அடி வேக வித்தியாசம் இருந்தாலும் அந்தத் தூரத்தில் துளைகள் நெருக்கமாகவே விழும். 600 கெஜத்துக்குப் போனால் அதே தோட்டாக்கள் மேலும் கீழுமாகச் சிதறும். அதனால்தான் குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃபால் நேரடியாக அளக்க வேண்டும்.

இங்கே சொல்வது, குண்டின் நிழலைப் பிடிக்கும் இரண்டு சென்சார் வகைக் கருவிக்கு. அதைத் துப்பாக்கி வாயிலிருந்து 10 முதல் 15 அடி தள்ளி வையுங்கள். கிட்டே வைத்தால் வெடிப்பின் அலையையே குண்டு என்று எண்ணித் தப்பான எண்ணைக் காட்டும். வெயில் பளிச்சென்று இருந்தால் சென்சார்களுக்கு மேலே வெள்ளை மறைப்பைப் பொருத்துங்கள்.

அடுத்தது குறி சரிபார்ப்பு. இதில்தான் பலர் கருவியையே சுட்டுவிடுகிறார்கள். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குழலுக்கு ஒன்றரை அங்குலமோ அதற்கு மேலோ உயரத்தில் இருக்கிறது. ஸ்கோப்பில் வழி திறந்து தெரிந்தாலும் குண்டு அதற்குக் கீழே போகும். போல்ட் துப்பாக்கி (குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துத் திறப்பது) என்றால் போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழல் வழியாகவே எட்டிப் பாருங்கள். சென்சார்களின் நடுவே, சில அங்குலம் மேலே வழி தெரிய வேண்டும். கருவியைத் திருத்த முன்னால் போகும்போதெல்லாம் துப்பாக்கி காலியாக, திறந்த நிலையில் இருக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

சரி, இப்போது சுடலாம். ஒரே வெடிமருந்து அளவில் 10 தோட்டாக்கள். ஐந்து போதாதா என்று கேட்பீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் ஐந்து (விநாடிக்கு அடியில்): 2701, 2712, 2695, 2708, 2704. சராசரி 2704, வீச்சு (அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) வெறும் 17, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) சுமார் 6.5. பிரமாதம் என்று தோன்றும். அடுத்த ஐந்து: 2699, 2710, 2690, 2715, 2706. சராசரி அதே 2704தான். ஆனால் பத்தையும் சேர்த்தால் வீச்சு 25, திட்ட விலக்கம் ஏறக்குறைய 7.8. சுடச் சுட வீச்சு கூடுமே தவிரக் குறையாது. அதனால் ஒருவர் ஐந்து சுட்டுச் சொல்லும் வீச்சையும் இன்னொருவர் இருபது சுட்டுச் சொல்வதையும் ஒப்பிடாதீர்கள். நான் திட்ட விலக்கத்தைத்தான் அதிகம் நம்புகிறேன், அதுவும் பத்துக்குக் குறையாமல் சுட்ட பிறகு.

ஒரு எண் மட்டும் தனியாக எகிறினால் உடனே அழித்துவிடாதீர்கள். வெளிச்சம் மாறியதா, குண்டு சென்சாரின் ஓரமாகப் போனதா என்று பாருங்கள். காரணம் கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் தோட்டாவின் எண்தான், கணக்கில் இருக்கட்டும். ஆனால் எண்கள் எல்லாமே தோட்டா நிரப்பும் கையேடு சொல்லும் உச்ச வேகத்தைத் தாண்டினால் அங்கேயே நிறுத்துங்கள். வேகம் அதிகம் என்றால் அழுத்தமும் அதிகமாக இருக்கலாம்.

வீச்சு பெரிதாக இருந்தால் முதலில் மருந்தைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். அப்புறம் உறையின் கழுத்து குண்டை எல்லாவற்றிலும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குறிப்பேட்டில் அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள். பல மருந்துகள் சூட்டில் வேகமாக எரியும், குளிரில் எடுத்த எண்ணோடு ஒப்பிடும்போது அது தேவைப்படும்.