மேமோகிராமில் தேவையற்ற கதிர்வீச்சைத் தவிர்க்கும் முறை

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்திலுள்ள ஒரு ஸ்கேன் சென்டருக்கு மைனியை (அண்ணியை) மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்க அழைத்துச் சென்றேன். நான்கு படங்களில் முடிய வேண்டிய பரிசோதனை ஆறு படங்கள் வரை நீண்டது. அந்த இரண்டு படங்களையும் தவிர்த்திருக்க முடியும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மணவாளக்குறிச்சி மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மோனசைட் என்னும் கனிமம் இருப்பதால், கதிர்வீச்சு என்ற சொல்லே எங்கள் பக்கத்தில் அச்சம் தரும். மைனியும் அந்த அச்சத்தில்தான் பரிசோதனையை ஓராண்டு தள்ளிப்போட்டிருந்தார். எனவே அளவை முதலில் சொல்கிறேன். நான்கு படங்களுக்கும் சேர்த்து உடல் ஏற்பது ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து மனிதருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சேர்வது 2.4 மில்லிசீவர்ட், அதாவது, இரண்டு மாதத்தில் இயல்பாகவே சேரும் அளவுதான் இது. மருத்துவர் சொன்ன பரிசோதனையை இதற்காக விட்டுவிடக் கூடாது. மறுபடியும் எடுக்க நேரும் படங்களைத்தான் குறைக்க வேண்டும்.

படி 1: சென்டரைத் தேர்ந்தெடுத்தல்

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் அந்தக் கருவிக்கு உண்டா என்று கேளுங்கள். பிறகு, கருவி நேரடி டிஜிட்டல் வகையா, கேசட்டை வெளியே எடுத்து வாசிக்கும் சிஆர் வகையா என்றும் கேளுங்கள். முதல் வகைக்குப் பொதுவாகக் குறைந்த கதிர்வீச்சே போதும் என்பதால், அதற்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் பயணம் செய்வதில் எனக்குத் தயக்கமில்லை. 3டி எடுப்பதாகச் சொன்னால், 2டி படத்தையும் கணினியே அதிலிருந்து உருவாக்குமா என்று உறுதிசெய்யுங்கள். இரண்டையும் தனித்தனியே எடுத்தால் அளவு ஏறத்தாழ இரு மடங்காகும்.

படி 2: நாள் குறித்தல்

மாதவிடாய் தொடங்கிய அடுத்த வாரத்தில் மார்பில் வலி குறைவாக இருக்கும். கர்ப்பம் பற்றிய சிறு ஐயம் இருந்தாலும் முன்பே சொல்லிவிட வேண்டும். முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைத்தான் முதலில் செய்வார்கள். அதில் எக்ஸ்ரே இல்லை.

படி 3: பவுடர் வேண்டாம்

எங்களுக்குத் தடையானது இதுதான். பேருந்துப் பயணத்தில் வியர்க்கும் என்று மைனி அக்குளில் பவுடரும் வியர்வைத் தடுப்பானும் பூசியிருந்தார். அவற்றிலுள்ள அலுமினியம், துத்தநாகம் போன்றவை படத்தில் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். புற்றுநோயின் தொடக்கத்தில் காணப்படும் சுண்ணாம்புப் படிவுகளும் அதே தோற்றத்தில் இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரால் அவற்றைப் புறக்கணிக்க முடியாது. அக்குள் பகுதி, ஒவ்வொரு மார்பகத்துக்கும் ஒன்றாக எடுக்கும் சாய்வுக் கோணப் படங்களில்தான் பதியும். “சேச்சி, பவுடர் போட்டீங்களா?” என்று டெக்னீஷியன் கேட்டபோது அந்த இரண்டு படங்களும் எடுத்து முடிந்திருந்தன. ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டையும் மறுபடியும் எடுத்தார்கள். காலையில் குளித்தபின் மார்பிலும் அக்குளிலும் எதையும் பூசாதீர்கள். மறந்து பூசியிருந்தால், படம் எடுக்கும் முன்பே கழுவிவிடுங்கள்.

படி 4: பழைய படங்கள்

முன்பு மேமோகிராம் எடுத்திருந்தால் அந்தப் படங்களையும் கொண்டு செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. பிலிமைக் கைபேசியில் எடுத்த படமும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படாது. சென்டரில் தரும் சிடியிலுள்ள மூலக் கோப்புகள் முழுவதையும் பென்டிரைவில் நகலெடுத்து வைப்பதே என் வழக்கம். சிடி கீறல் விழுந்தால் அந்தப் படங்கள் போய்விடும். எங்கள் பகுதியில் பலர் ஒரு முறை நாகர்கோவிலிலும் மறுமுறை திருவனந்தபுரத்திலும் பரிசோதித்துக்கொள்வதால், பழைய படங்கள் தாமே அடுத்த மருத்துவருக்குப் போய்ச் சேராது. இரண்டு ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் ஒரு புள்ளியைப் பழைய படத்தில் பார்த்துவிட்டால், கூடுதல் படம் தேவைப்படாமலே போகலாம்.

படி 5: தகடு அழுத்தும்போது

படம் எடுக்கக் கருவியின் தகடு மார்பகத்தை அழுத்தும்போது, வலிக்கிறது என்று விலகிவிடாதீர்கள். மார்பகம் தட்டையாகப் பரவினால் குறைந்த எக்ஸ்ரேவே ஊடுருவிவிடும். அசைவும் எக்ஸ்ரே சிதறலும் குறைவதால் படமும் தெளிவாக வரும். சில நொடிகள் மூச்சை அடக்கி நிற்க வேண்டும். பொறுக்க முடியாத வலி என்றால், படம் எடுக்கும் முன்பே சொல்லி நிறுத்துங்கள். எடுக்கும்போது அசைந்தால் மறுபடியும் எடுக்க வேண்டிவரும்.

பின்சேர்க்கை: தைராய்டுக்கு ஈயக் கவசம் கேட்க வேண்டுமா என்று வாசகியர் மூவர் கேட்டிருந்தார்கள். மேமோகிராமில் தைராய்டை அடையும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. கவசம் படத்திற்குள் வந்து மறைத்தால் அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க நேரும். ஆகவே மைனிக்கு அடுத்த முறை நான் அதைக் கேட்கப் போவதில்லை.