மாலையில் மருந்துவாழ் மலை, விடியலில் மணக்குடிக் காயல்

மலை நடையையும் கயாக் எனும் சிறு துடுப்புப் படகையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் காலையில் மலை, மதியத்துக்கு மேல் தண்ணீர் என்றுதான் திட்டம் போடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அது சரிப்படாது. காலை பத்து மணியைத் தாண்டினால் கடற்காற்று எழும்பத் தொடங்கும். இரண்டு மணிக்குக் காயலில்கூடத் துடுப்பு போடுவது காற்றோடு மல்லுக்கட்டுவதாகிவிடும். மலையிறங்கிய கால், கயாக்கில் நீட்டி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும். வியர்த்து வற்றிய உடம்புக்கு மேலே வெயில், கீழே தண்ணீரின் எதிரொளி.

இரண்டுக்குமே காலைதான் நல்ல நேரம். ஆனால் ஒன்றுக்குத்தான் கொடுக்க முடியும், அதைத் தண்ணீருக்குக் கொடுங்கள். முதல் நாள் மாலை பொற்றையடியில் மருந்துவாழ் மலை ஏறி இறங்குங்கள். இரவு நாகர்கோவிலிலோ கன்னியாகுமரியிலோ தங்கிவிட்டு, மறுநாள் விடியலில் மணக்குடிக் காயலில் இறங்குங்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே சாலைவழி பத்துக் கிலோமீட்டருக்குள்தான். இந்த வரிசையில் இன்னொரு லாபமும் உண்டு: மறுநாள் இறங்கப்போகும் தண்ணீரை முந்தின மாலையே உச்சியிலிருந்து பார்த்துவிடலாம்.

மாதம்

ஜனவரி தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், புயலும் வரும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி இந்தக் கடற்கரையை என்ன செய்தது என்று எந்த மீனவ ஊரிலும் கேட்டால் சொல்வார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் எனும் மேற்குக் காற்றும் பெரிய அலையும் இருக்கும்.

ஏப்ரலும் மேயும்தான் ஏமாற்றும் மாதங்கள். வானம் தெளிந்திருக்கும், காற்றே இருக்காது, கடல் மட்டும் திடீரென்று கரையேறும். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. உள்ளூர் வானத்தில் அதற்கு எந்த அறிகுறியும் தெரியாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. புறப்படும் முன் அதைப் பார்க்காமல் கயாக்கை வண்டியில் ஏற்றாதீர்கள்.

கடல் முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மீட்டர்தானே என்று கிளம்புவது பலரும் செய்யும் தவறு. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பதையும் பாருங்கள். ஒரே உயரமுள்ள அலையில், 8 நொடி இடைவெளி உள்ளதைவிட 16 நொடி இடைவெளி உள்ளது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றலைச் சுமந்து வரும். ஆழம் குறையும் இடத்தில் அது எழும்பி உடையும். இடைவெளி 12 நொடிக்கு மேல் என்றால், உயரம் எவ்வளவாக இருந்தாலும் காயலை விட்டு வெளியே போகக் கூடாது.

கேட்க வேண்டியவர்கள்

மலைக்கும் காயலுக்கும் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகம் இருக்கிறது. கோடையில் காட்டுத்தீ அச்சம் இருந்தால் மலையை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு இதில் கண்டிப்பு அதிகம், அது நியாயமும்கூட. காயலோ சுசீந்திரம், தேரூர் குளங்களோடு சேர்ந்த பறவைக் காப்பகப் பகுதி. எந்தப் பக்கம் போகலாம், எந்தத் திட்டை விட்டு விலக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

காயல் கடலோடு சேரும் வாயான பொழிமுகத்தைத் தாண்டும் எண்ணம் இருந்தால் கடலோரக் காவல் நிலையத்தில் எத்தனை பேர், எந்த நிறக் கயாக், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கடலோரக் காவல்துறையின் உதவி எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554. இரண்டையும் போனில் பதிந்துகொள்வதோடு, கயாக்கின் உள்பக்கம் அழியாத மையால் எழுதியும் வையுங்கள். நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணியாது.

மூன்றாவதாகக் கேட்க வேண்டியது கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஆளை. "அண்ணாச்சி, பொழி திறந்திருக்கா? நீரோட்டம் எப்படி?" என்று கேளுங்கள். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், முன்னறிவிப்பு என்ன சொன்னாலும் சரி.

முதல் நாள்: மலை

மூன்று மணிக்கு அடிவாரத்தில் நடையைத் தொடங்குங்கள். ஏற ஒன்றரை மணி நேரம், உச்சியில் அரை மணி, இறங்க ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் ஆறேகாலிலிருந்து ஆறரைக்குள் மறைந்துவிடும். ஆகவே எங்கே இருந்தாலும் ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டும், உச்சி பத்து நிமிட தூரத்தில் இருந்தாலும்கூட.

தொடக்கத்தில் படிகள் உண்டு. பிறகு பாறையும் உருட்டுக்கல்லும் முள்செடியும்தான். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இந்த மலையில்தான் இருக்கிறது. வழிபாட்டுக்கு வருகிறவர்கள் உண்டு, சத்தம் போடாமல் போங்கள். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரில் சொல்லும் மலை இது. மூலிகை என்று நினைத்துக் கண்ட செடியையும் பிடுங்க வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கரைத்துக்கொள்ளுங்கள். தின்பதற்கு ஏத்தன் (நேந்திரம்) பழம் எடுத்துப் போங்கள். மட்டிப்பழம்தான் இந்த மண்ணின் ருசி, ஆனால் தோல் மெல்லிசு. அரை மணி நேரத்தில் பைக்குள் நசுங்கிக் கூழாகிவிடும். அதைத் தங்கும் இடத்தில் வைத்துத் தின்னுங்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தத்துக்கே வந்துவிடும். தின்பண்டம் துணிப்பையில், மூடிய முதுகுப்பைக்குள் இருக்கட்டும்.

கால் பிசகுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தொடை களைத்திருக்கும், வெளிச்சம் குறைந்திருக்கும், பேச்சு கூடியிருக்கும். காலடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்திருங்கள், மண் தூவிய பாறையில் முழுப் பாதத்தையும் ஊன்றுங்கள். ஆளுக்கொரு நெற்றி விளக்கு கட்டாயம். போன் விளக்கைப் பிடித்தால் ஒரு கை போய்விடும். கல்லிடுக்கில் கையை விடும் முன் பாருங்கள், விரியன் இருக்கும். கடித்துவிட்டால் கீறவும் உறியவும் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் இறக்கி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உச்சிக்குப் போனதும் படம் எடுக்கும் முன் தென்மேற்கே பாருங்கள். தென்னந்தோப்பும் உப்பளமும் தாண்டிக் காயல் தெரியும். சின்ன இருகண்நோக்கி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பொழிமுகத்தின் குறுக்கே வெள்ளை நுரைக்கோடு இடைவிடாமல் ஓடுகிறதா, நடுவே உடையாத வழி இருக்கிறதா, அல்லது மணல்திட்டு முழுதாக அடைத்துக் கிடக்கிறதா? கோடையில் இப்படி அடைவது வழக்கம்தான். கரையை ஒட்டி ஒரே நுரைக்கோடா, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கா? மூன்றுக்கு மேல் என்றால் நீண்ட அலை வந்துகொண்டிருக்கிறது, நாளைக்குக் கடல் இல்லை, காயல் மட்டும்தான். மூன்றாவது, ஆற்று நீர் செம்மண் நிறத்தில் கடலுக்குள் நீண்டு தெரிகிறதா? தெரிந்தால் மேலே மழை, வெளியே தள்ளும் ஓட்டம் பலமாக இருக்கும். பத்து நிமிடமாவது பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும், இரண்டு நிமிடம் பார்த்தால் கடல் அமைதியாக இருப்பதுபோலத் தோன்றிவிடும்.

மறுநாள்: காயல்

புதிதாக ஓட்டுபவருக்கு, மேலே திறந்திருக்கும், உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக் 10 முதல் 12 அடி நீளத்தில் போதும். கடலுக்கென்றே உள்ள 14 முதல் 17 அடி மூடிய கயாக் நேராக, வேகமாகப் போகும். ஆனால் கவிழ்ந்தால் உள்ளிருந்து வெளியே வரவும் தண்ணீரை இறைக்கவும் பழக்கம் வேண்டும்.

இறக்கும் முன் பின்பக்கத்து வடிகால் திருகைக் கையால் தொட்டுப் பாருங்கள். மறந்தால் அடிப்பகுதிக்குள் தண்ணீர் கசிந்து, அரை மணி நேரத்தில் கயாக் குடிகாரன் மாதிரி ஆடத் தொடங்கும். நடுவழியில் அப்படி ஆடினால் உங்கள் சமநிலையைச் சந்தேகிக்காதீர்கள். கரையேற்றி, ஒரு முனையைத் தூக்கி ஆட்டி, உள்ளே தண்ணீர் குலுங்குகிறதா என்று கேளுங்கள்.

லைஃப் ஜாக்கெட் போட்டதும் இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் மோவாயைத் தாண்டி ஏறினால் வாரை இறுக்குங்கள், அப்படியும் ஏறினால் வேறு அளவு எடுங்கள். விசில் ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்கட்டும். போனும் மாற்றுத் துணியும் டிரை பேக்கில். வாயை மூன்று மடிப்பாவது சுருட்டினால்தான் தண்ணீர் புகாது.

ஆறரையை ஒட்டி விடியும். பாலத்துக்கு உள்பக்கம், பொழிமுகத்தை விட்டு விலகி இறங்குங்கள். 2004 சுனாமி அங்கே இருந்த பாலத்தையே பெயர்த்து எறிந்த இடம் இது, தண்ணீரின் பலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இந்தக் கரையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் வாய் குறுகிய இடத்தில் அத்தனை தண்ணீரும் ஓடியாக வேண்டும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு கூடும். ஏற்றம் தொடங்கி ஒன்று இரண்டு மணி நேரம் ஆன பிறகு இறங்குவது நல்லது. கை ஓய்ந்தாலும் ஓட்டம் உங்களைக் காயலில் வந்து சேரும் பழையாற்றின் உள்ளே தள்ளுமே தவிர, கடலுக்கு இழுக்காது. வற்றம் தொடங்குவதற்குள் கரையேறிவிடுங்கள். விடியலுக்கும் ஏற்றத்துக்கும் பொருந்தாத நாளாக இருந்தால் தேதியை மாற்றுங்கள்.

துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து முழங்கை செங்கோணமாக இருக்கும்படி கைகளை வையுங்கள், அதுதான் உங்கள் பிடியின் அகலம். பாதத்துக்கு அருகே துடுப்பின் இலையை முழுதாகத் தண்ணீருக்குள் இறக்கி, இடுப்பு வரும்வரை இழுத்து, வெளியே எடுங்கள். இழுப்பது கையாக இருந்தால் இருபது நிமிடத்தில் தோள் எரியும். வயிறும் முதுகும் திரும்ப வேண்டும். தொப்புள் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறதா என்பதே அடையாளம். கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வந்தால் பிடி இறுக்கம் என்று அர்த்தம்.

கண்டல் (அலையாத்தி) மரங்களுக்குள் நுழையாமல் ஓரமாகவே போங்கள். சேற்றிலிருந்து ஈட்டி மாதிரி நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். அவற்றில் கயாக் ஏறினால் மரத்துக்கும் கேடு, அடிப்பகுதிக்கும் கீறல். கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட இடங்களில் அழுகல் நாற்றம் அடிக்கும், தண்ணீர் கறுத்திருக்கும், அடியில் குச்சி நட்டிருப்பார்கள். அங்கே காலை இறக்காதீர்கள். மிதவை வரிசையாகத் தெரிந்தால் வலை, குறுக்கே போகாமல் சுற்றிப் போங்கள். ஒருவரின் ஒருநாள் சோறு அதில் இருக்கிறது. பறவைகள் தலை தூக்கிப் பார்க்கும் தூரம் வந்தால் அதற்கு மேல் நெருங்க வேண்டாம். பறந்து எழுந்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள்.

புறப்பட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்வது. கயாக்கையும் துடுப்பையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். குப்புறக் கிடக்கும் கயாக்கின் மேலாகக் கையை நீட்டி, எதிர்விளிம்பைப் பற்றி உங்கள் பக்கம் இழுத்து நிமிர்த்துங்கள். இருக்கைக்கு நேரே வந்து, கால்கள் நீர்மட்டத்துக்கு உயரும்வரை உதையுங்கள். நெஞ்சை மேலே ஏற்றி வயிறு குறுக்காகப் படுத்துக்கொள்ளுங்கள், புரண்டு உட்காருங்கள், கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். ஏற முடியாமல் தவிப்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை, காலைக் கீழே தொங்கவிட்டுக் கைபலத்தால் ஏறப் பார்ப்பது. உடம்பு கயாக்குக்கு அடியில் போய், அது மறுபடி கவிழும். ஐந்து முறை பழகுங்கள். ஐந்தாவது முறையும் முடியாதவர் அன்று இடுப்பளவு ஆழத்தை விட்டுப் போக வேண்டாம்.

பொழிமுகம் தாண்டுவது, இதெல்லாம் கைவந்தவர்களுக்கு மட்டும், அதுவும் உள்ளூர் மீனவர் ஒருவர் வள்ளத்தில் கூட வரும்போது மட்டும். வெளியே தள்ளும் ஆறும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக நின்று உடையும். பக்கவாட்டில் மாட்டினால் கயாக் உருளும். விவேகானந்தர் பாறைப் பக்கம் படகுத் தடமும் பாறைகளும் உண்டு, அங்கே போகவே கூடாது. விசைப்படகுத் தடைக்காலத்தில், அதாவது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கடலில் ஆள் நடமாட்டம் குறைவு. ஆபத்தில் கையைக் காட்டினால் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒன்பது மணிக்குள் கரை. கயாக்கைக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். ஜாக்கெட்டின் கொக்கியையும் ஜிப்பையும் தனியாக அலசாவிட்டால் ஒரு வாரத்தில் உப்பு பூத்து இறுகிவிடும். பாதத்தைப் பாருங்கள். காயல் சேற்றில் சிப்பி ஓடு கிழித்தது ஊறிய தோலில் அப்போது வலிக்காது, மறுநாள் வீங்கும். சோப்புப் போட்டுக் கழுவி, ஆழமான காயமென்றால் அன்றைக்கே டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முந்தைய நாள் யார் யாரிடம் சொல்லிவிட்டு இறங்கினீர்களோ, அவர்களை அழைத்து எல்லாரும் கரையேறியாயிற்று என்று சொன்ன பிறகு சாப்பிடப் போங்கள்.