பெரிய டயர் மாட்டியாச்சா? மேட்டுல இழுக்க எந்த கிரவுன் பினியன் போடணும்னு நீங்களே கணக்கு போடுறது எப்படி

போடி, தேவாரம், கம்பம் பக்கம் இருக்கவங்களுக்கு இத சொல்லவே வேண்டாம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு போற ஜீப்ப பாத்துட்டு நம்ம வண்டிக்கும் பெரிய டயர் போட்டா கெத்தா இருக்கும்னு போட்டுருவோம், தேனி ரோட்டுல ஒண்ணும் தெரியாது, போடிமெட்டு ஏறும்போதுதான் தெரியும். மொத ரெண்டு மூணு கொண்டை ஊசி தாண்டுறதுக்குள்ள மூணாவது கியர் செத்துரும், ரெண்டாவதுல போட்டா எஞ்சின் கத்தும், 17 வளைவும் முடியறப்ப கிளட்ச் வாடை வரும். டயர் பெருசானா ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி கூட தூரம் போகுது, அதுனால இழுவை கொறையுது, அவ்வளவுதான் விஷயம். அத ஹவுசிங்ல (ஆக்சில் நடுவுல இருக்கற உருண்டை) கிரவுன் பினியன, அதாவது ஷாஃப்ட்டோட சுத்த வீலுக்கு திருப்பிக் குடுக்கற பெரிய சின்ன பல்சக்கர ஜோடிய, மாத்தி சரிக்கட்டணும். கிரவுன் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்துதுங்கறதுதான் ரேஷியோ நம்பர், அது பெருசானா இழுவை கூடும், ஓட்டம் கொறையும்.

என் வண்டிய வச்சே சொல்றேன். பழைய டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டீசல் எஞ்சின், ஃபோர் வீல், 4.27 ஹவுசிங், மொதல்ல இருந்தது 215/75 ஆர் 15 டயரு, இப்ப 31 × 10.50 ஆர் 15. டயர் வீல் ஆர்ச்சுல இடிக்குதா, ரிம்மு ஆஃப்செட் என்ன, இதெல்லாம் நீங்க பாத்துருப்பீங்கன்னு வச்சுக்கறேன்.

1. ஹவுசிங்ல இப்ப என்ன ரேஷியோ இருக்குன்னு எண்ணிப் பாருங்க

ஆர்சி புக்கயோ, வித்தவர் சொன்னதயோ நம்பாதீங்க. இங்க ஓடுற பழைய ஜீப்புல பாதி வண்டிக்கு ஹவுசிங் வேற வண்டியில இருந்து வந்தது. 5.38 இருக்கும், 4.88 இருக்கும், 4.27 இருக்கும், வெளிய இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான்.

சமதரையில வண்டிய நிறுத்தி, பின்னாடி ஒரே ஒரு வீல மட்டும் ஜாக்கி போட்டு தூக்குங்க. ஒண்ணு மட்டும்தான், ரெண்டயும் தூக்கிட்டு ஒண்ண சுத்துனா இன்னொண்ணு எதிர்ப்பக்கம் சுத்தும், ஷாஃப்ட் பாட்டுக்கு சும்மா நிக்கும். மத்த மூணு வீலுக்கும் ரெண்டு பக்கமும் கட்டை போடுங்க, ஏன்னா கியர் நியூட்ரல்ல இருக்கணும், ஹேண்ட் பிரேக்கும் எடுத்துருக்கணும், அப்ப வண்டிய புடிச்சு நிக்கிறது அந்த கட்டை மட்டுந்தான். ஜாக்கிய மட்டும் நம்பி கீழ தலைய விடாதீங்க, ஸ்டாண்டு வைங்க.

இப்ப தூக்குன வீல சரியா 20 சுத்து சுத்துங்க, ஒரு ஆள் கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஹவுசிங்குக்கு வர்ற ஷாஃப்ட்ல சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணட்டும். ஏன் 20ன்னா, இன்னொரு வீலு தரையில நிக்கிறதால கிரவுன் பாதிதான் சுத்தும், அதாவது 10 சுத்து. ஷாஃப்ட் சுத்துனத 10ஆல வகுத்தா ரேஷியோ. நாப்பத்திரண்டே முக்கால் கிட்ட வந்தா 4.27, நாப்பத்தஞ்சரை தாண்டுனா 4.56, நாப்பத்தெட்டே முக்கால்னா 4.88, அம்பத்திமூணே முக்கால்னா 5.38. லாக்கர் (வீல் வழுக்குனா ரெண்டு பின் வீலயும் சேத்துப் பூட்டுற அமைப்பு) வச்ச புது மஹிந்திரா தாருக்கும் இது செல்லும், கையால மெதுவா சுத்துற வேகத்துல அது லாக் ஆகாது.

2. டயர ரோட்டுல உருட்டி அள, பேப்பர்ல இல்ல

எல்லாரும் சறுக்குற இடம் இதுதான், அதுனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறேன்.

சைஸ வச்சு கணக்கு போட்டா 215/75 ஆர் 15 டயரோட உயரம் 703 மில்லிக்கு மேல, ஒரு சுத்துக்கு 2.21 மீட்டர். 31 இஞ்சுக்கு 2.47 மீட்டர். ஆனா லோடு ஏறுனா டயர் அமுங்கும், அதோட 31ன்னு எழுதியிருக்கற டயர் எல்லாம் 31 இருக்காது, கம்பெனிக்கு கம்பெனி மாறும். அதுனால எப்பவும் ஏத்துற ஆள், லோடோட, எப்பவும் வைக்கிற காத்தோட, டயர்லயும் தரையிலயும் கோடு போட்டு நேரா மூணு சுத்து உருட்டி டேப்புல அளந்து மூணால வகுத்துக்கங்க. துணி டேப் வேணாம், இழுத்தா நீளும், கட்டடக்காரங்க வச்சிருக்க ஸ்டீல் டேப் போதும். உதாரணத்துக்கு பழசு 2.15, புதுசு 2.39னு வருதுன்னு வைப்போம். இப்ப இருக்கற ரேஷியோவ புது டயர் அளவால பெருக்கி பழைய டயர் அளவால வகுத்தா, போட வேண்டிய ரேஷியோ.

சிக்கல் எங்கன்னா, பழைய டயர முன்னாடியே வித்துருப்பாய்ங்க, அதுக்கு நெட்டுல பேப்பர் கணக்கு 2.21அ எடுத்துக்கிட்டு புதுசுக்கு மட்டும் டேப் வச்சு 2.39னு போடுவாய்ங்க. 4.27ஐ 2.39ஆல பெருக்கி 2.21ஆல வகுத்தா 4.62. பக்கத்துல 4.56 இருக்கு, சரி போடுன்னு போட்டுருவாய்ங்க. ரெண்டயும் டேப்புல அளந்து 2.15ஆல வகுத்துப் பாருங்க, 4.75 வருது. அப்ப போட வேண்டியது 4.88. இவ்வளவு செலவு பண்ணியும் மேட்டுல இழுக்கலையேன்னு பொலம்புறவங்க முக்காவாசி இந்த கேஸ்தான். ரெண்டுமே டேப்பு, இல்லாட்டி ரெண்டுமே பேப்பரு, கலக்காதீங்க. பழைய டயர் கையில இல்லையா, அதே சைஸ் ஓடுற பொலிரோ எதாவது ஸ்டாண்டுல நிக்கும், ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு உருட்டி அளந்துட்டு வாங்க.

3. 60ல எத்தன ஆர்பிஎம்னு பாத்து முடிவு பண்ணுங்க

60 கிமீ வேகம்னா நிமிஷத்துக்கு 1,000 மீட்டர். அதுனால 1,000ஐ டயர் சுத்தளவால வகுத்து ரேஷியோவால பெருக்குனா நாலாவது நேர் கியர்ல (எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்துல சுத்தும்) 60ல ஓடுற ஆர்பிஎம் வந்துரும், வெப்சைட் கால்குலேட்டரே தேவையில்ல.

பழைய டயர், 4.27ல எனக்கு 1,990 கிட்ட இருந்துச்சு. பெரிய டயர், அதே 4.27ல 1,790க்கு இறங்கிருச்சு. 4.56 போட்டா 1,910. 4.88 போட்டா 2,040. 5.38 போட்டா 2,250.

இங்கதான் நீங்க எங்க ஓட்டுறீங்கங்கறது வருது. மதுரை, திண்டுக்கல்னு ஹைவேயிலயே ஓடுற ஆளுக்கு 4.56 போதும். வாரத்துக்கு நாலு தரம் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம்னு மூட்டையோட போறவரு பழைய ஆர்பிஎம்முக்கு மேல கொஞ்சம் தூக்கித்தான் வைக்கணும், பெரிய டயரோட எடையையும் அதுதான் இழுக்கணும்ல. என் ஓட்டு 4.88க்கு. 5.38 போடுங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, 80ல 3,000 ஆர்பிஎம் தாண்டும், பழைய டிஐ எஞ்சினோட அந்த சத்தத்துல உத்தமபாளையம் தாண்டறதுக்குள்ள தலைவலி வந்துரும்.

இன்னொண்ணு, சுத்தளவு வித்தியாசம் நூத்துக்கு அஞ்சுக்குள்ளன்னா எதையும் மாத்தாதீங்க. 215/75ல இருந்து 235/75க்கு போனா நாலு சொச்சந்தான் கூடுது, அதுக்கு ஹவுசிங்க பிரிக்கிறது வீண் செலவு.

4. ஃபோர் வீல்னா முன்னாடியும் மாத்தணும்

பின்னாடி மட்டும் மாத்திக்கலாம், ஃபோர் வீல் லீவர போட்டாத்தானே முன் ஆக்சில் இழுக்கும்னு ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம். முன் பின் ரேஷியோ வேற வேறயா இருந்தா ஃபோர் வீல் போட்ட உடனே ரெண்டு ஆக்சிலும் ஒண்ண ஒண்ணு முறுக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்சிலுக்கு இழுவைய பிரிச்சு விடுற பெட்டி) இல்லாட்டி ஷாஃப்ட் ஜாயிண்ட் போகும். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலை ஏறுற பாதை இருக்கே (தோட்டம் நம்ம தேனி மாவட்டம், ஜீப் ரோடு என்னமோ கேரளா வழியாத்தான்), அங்க மழையில மாட்டுனா லீவர போடாம இருப்பீங்களா?

5. செட்டிங்

கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் வாங்கணும், பழைய கிரவுனுக்கு புது பினியன் போட்டா ஊளையிடும். டயல் கேஜ் இல்லாம கையால ஆட்டிப் பாத்தே பிளே (ரெண்டு பல்லுக்கும் நடுவுல விடுற இடைவெளி) வைக்கிற பட்டறைக்கு வண்டிய விடாதீங்க, எவ்வளவு பழகுன அண்ணனா இருந்தாலும் சரி. பிளே அளவு செட்டோட வர்ற தாள்ல இருக்கும், பொதுவா 0.1ல இருந்து 0.25 மில்லிக்குள்ள. பல்லுல மார்க்கிங் தடவி சுத்தி, பதியிற இடம் பல்லு நடுவுல விழுதான்னு நீங்களே நின்னு பாருங்க. ஆயில் ஜிஎல்-5 தரம். மொத ஓட்டம் லோடு இல்லாம மெதுவா ஒரு 25 கிமீ, ஆற விட்டு மறுபடி ஒரு தடவ, 800 கிமீல ஆயில மாத்திருங்க. புதுசு போட்ட அன்னிக்கே ஆள் ஏத்திட்டு மெட்டுக்கு போகாதீங்க.

கமெண்ட்ல வந்தத வச்சு சேத்தது

ஸ்பீடாமீட்டர் பத்தி நிறைய பேர் கேட்டீங்க. கேபிள் வச்ச பழைய வண்டியில டயர் மட்டும் மாத்துனா 60 காட்டும்போது நெஜமா 66 தாண்டியிருக்கும். 4.88 போட்ட பெறகு 60 காட்டுனா நெஜம் 58, தாராளமா போதும். ஏபிஎஸ் வண்டியில வேகத்த வீல் சென்சார்ல இருந்து எடுக்கறதால ரேஷியோ மாத்துனாலும் மீட்டர் சரியாகாது, அத சாஃப்ட்வேர்லதான் மாத்தணும்.

குமுளி தாண்டி கேரளாவுக்குள்ள போறவங்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு படி கம்பெனி குடுத்த அளவ மாத்தக்கூடாது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லிருச்சு. ஹவுசிங்க யாரும் பிரிச்சுப் பாக்கப்போறதில்ல, ஆனா பாடிக்கு வெளிய நீட்டிட்டு நிக்கிற டயரு தூரத்துல வரும்போதே கண்ணுல படும். இன்சூரன்ஸ் கிளைம்லயும் கேள்வி வரலாம். தெரிஞ்சு பண்ணுங்க.

அப்புறம் 3.73 ஹவுசிங்ல 4.88 கிரவுன் உக்காரலன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. டானா 44 வகை ஹவுசிங்ல கேரியர் (கிரவுன மாட்டுற கூடு) ரெண்டு விதம், 3.73 வரைக்கும் ஒண்ணு, 3.92ல இருந்து மேல வேற ஒண்ணு. கிரவுன் உக்கார்ற தளம் மாறுது. 4.27 காரங்களுக்கு இந்தப் பிரச்சனை வராது, 3.73 காரங்க செட்டு வாங்கும்போதே கேரியரையும் சேத்து விலை கேளுங்க.