விரிசலுக்குப் பட்டி பார்க்காதீர்கள்: மண் இறங்கிய மலைவீட்டுக்குக் காப்பீடு எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் எங்கெங்கோ மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோத்தகிரிக்கு அருகே இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. பள்ளத்துப் பக்க மூலை மட்டும் ஒரு விரற்கடை இறங்கியது. சமையலறைச் சுவரில் படிக்கட்டு போல ஒரு விரிசல் ஏறியது. பின்கதவு நிலையில் சிக்கிக்கொண்டு மூட மறுத்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வீட்டுக்குக் காப்பீடு எடுக்கலாம் என்று தோன்றியபோது நான் முதலில் செய்த காரியம், பெயின்டரைக் கூப்பிட்டு அந்த விரிசலுக்குப் பட்டி பார்த்து வண்ணம் அடிக்கச் சொன்னதுதான். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவதுபோல. விண்ணப்பத்தில் ‘முன்பு சேதம் ஏற்பட்டதுண்டா’ என்ற இடத்தில் முகவர் என்னைக் கேட்காமலேயே ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

இதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை. காப்பீடு என்பது நிறுவனம் நம் சொல்லை நம்பிக் கொடுப்பது. முக்கியமான தகவலை மறைத்தது தெரிந்தால் பாலிசியையே செல்லாததாக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மறைத்தது ஒரு விரிசல்தான், ஆனால் தீ, இடி, புயல், நிலநடுக்கம் எல்லாவற்றுக்குமான பாதுகாப்பும் அதோடு போய்விடும். பட்டி எதையும் மறைப்பதும் இல்லை. அடுத்த மழையில் பழைய விரிசல் அதே தடத்தில் திறக்கும். சேதத்தைப் பார்க்க வருகிறவர் பூச்சைச் சுரண்டினால் பழைய சிமென்ட் ஒரு நிறத்திலும் புதியது வேறு நிறத்திலும் தெரியும். எங்களுக்குக் கீழ்வீட்டு அண்ணனுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவருடைய கோரிக்கை மறுக்கப்பட்ட கடிதத்தைப் படித்த அன்று இரவே, மூலை இறங்கிய ஆண்டையும் செய்த பழுதுபார்ப்பையும் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். கட்டடப் பொறியாளரின் அறிக்கை கேட்டார்கள், பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு, பாலிசியில் பாதி வரியைப் படிப்பது. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தருகின்றன. அதில் வீடு நிற்கும் நிலம் தாழ்வது, நிலச்சரிவு, பாறைச்சரிவு மூன்றும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மலையில் இருப்பவர்கள் இந்த வரியைக் கண்டதும் மகிழ்ந்து தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அதன் கீழேயே எதற்கெல்லாம் பணம் கிடையாது என்றும் இருக்கிறது: புதுக் கட்டடம் அமர்வதால் வரும் சாதாரண விரிசல், கொட்டி நிரப்பிய மண் இறங்குவது, ஆற்று அரிப்பு, தவறான வடிவமைப்பும் மட்டமான வேலையும், கட்டுமானத்தாலோ மண் தோண்டுவதாலோ வரும் சேதம்.

இப்போது நம் வீடுகள் எப்படிக் கட்டப்பட்டன என்று நினைத்துப் பாருங்கள். மேட்டை வெட்டுகிறோம். வெட்டிய மண்ணை அப்படியே பள்ளத்தில் தள்ளிச் சமப்படுத்துகிறோம். வீட்டின் பின்பாதி வெட்டிய கெட்டி மண்ணில், முன்பாதி தள்ளிய தளர்மண்ணில். குன்னூரிலும் கொடைக்கானலிலும் இப்படிக் கட்டாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே மூலை இறங்கினால் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி, இறங்கியது மலையா, நீங்கள் கொட்டிய மண்ணா என்பதுதான். அதற்கு விடை பாலிசி எடுக்கும் நாளிலேயே உங்கள் கையில் இருக்க வேண்டும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், தளர்மண்ணைத் தாண்டிக் கெட்டியான அடியைத் தொடுகிறதா, 2009க்குப் பின் என்ன பலப்படுத்தினீர்கள் என்று பொறியாளர் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை, அனுமதி பெற்ற வரைபடம், பழுதுபார்த்த ரசீதுகள். இவை இல்லாமல் பிறகு வாதாடுவது கடினம்.

விரிசல் நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்பதற்கும் சான்று வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. விரிசலுக்குக் குறுக்கே சன்னமான கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் ஒட்டி, தேதி எழுதிப் படம் எடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டு மாதம் எழுதுவது அதைவிட எளிது. ஒரு முழு ஆண்டாவது பார்க்க வேண்டும். கூடலூரை நனைப்பது தென்மேற்குப் பருவம், குன்னூரையும் கோத்தகிரியையும் சோதிப்பது வடகிழக்கு. வெயில் காலத்தில் மூன்று மாதம் பார்த்துவிட்டு ‘நின்றுவிட்டது’ என்பதில் பொருளில்லை. இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் விரிசலோடு காப்பீடு எடுப்பதிலும் பொருளில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சேதத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். ரெட் அலர்ட் வந்த பிறகு முகவரைத் தேடி ஓடுவதும் இதே ரகம்.

பக்கத்து மனையில் பொக்லைன் வந்து நின்றால் பேசாமல் இருப்பது இன்னொரு தவறு. தோண்டுவதால் வரும் சேதத்துக்குப் பணம் இல்லை என்னும் அந்த வரி, உங்கள் மனையில் தோண்டுவதை மட்டும் சொல்லவில்லை, எவருடைய மனையானாலும் அப்படித்தான். கீழ்மனைக்காரர் உங்கள் சுவருக்கு அடியில் மண் எடுத்தாலும் நட்டம் உங்கள் தலையில். நீலகிரியில் மண் தோண்டும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். படம் எடுத்து அன்றே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். உறவு கெடுமே என்று தயங்குவது புரிகிறது, நானும் தயங்கியவன்தான்.

தொகையிலும் தடுமாறுகிறோம். ஊட்டியில் சென்ட் விலை ஏறிக்கிடக்கிறதே என்று நிலத்தின் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டாம், காப்பீடு கட்டடத்துக்குத்தான். பரப்பளவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் தொகை வரும். அந்தச் செலவு சமவெளிக் கணக்காக இருக்கக் கூடாது. சாலையிலிருந்து மணலும் சிமென்டும் தலைச்சுமையாக இறங்கும் வீட்டுக்கு மேட்டுப்பாளையத்து விலை பொருந்துமா? மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவரின் செலவைத் தனியாகக் காட்ட மறக்காதீர்கள். பாலிசியில் அதற்கு இடம் உண்டு, ஆனால் வீட்டின் பரப்பளவுக்குள் அது வராது. சில மனைகளில் வீட்டைவிடச் சுவருக்கே அதிகம் செலவாகியிருக்கும். அந்தச் சுவரில் நீர் வெளியேற விட்ட வடிதுளைகள் அடைபட்டிருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். மழைநீர் ஊறி மண் கனத்து, துகள்களின் பிடி தளர்வதால்தான் சரிவே வருகிறது. அடைபட்ட துளையைப் பார்க்கும் ஆய்வாளர் பராமரிப்புக் குறை என்று எழுதுவார்.

வங்கிக் கடனில் வாங்கிய வீடு என்றால் ‘வங்கியே காப்பீடு போட்டிருக்கிறது’ என்று நம்பி இருக்காதீர்கள். பல சமயம் அது கடன் வாங்கியவரின் உயிருக்கு எடுத்த பாலிசியாக இருக்கும். நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டேஜாக விடுகிறீர்களா? குடியிருப்புக்கான பாலிசி அதற்குப் பொருந்தாது, வணிகத்துக்கானதைக் கேளுங்கள்.

மண் இறங்கியேவிட்டால் உடனே மண்ணை அள்ளிச் சுத்தம் செய்துவிடுவோம். உயிருக்கு ஆபத்தில்லை என்றால் படம் எடுக்கும் வரை பொறுங்கள். நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள். கோரிக்கைப் படிவம் 30 நாளுக்குள் போக வேண்டும். பிறகு சர்வேயர் வருவார். சங்கிலியோடு நிலம் அளக்கிறவர் இல்லை, சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்றவர். நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் கட்டணம் இல்லாமல் விசாரிக்கிறார்.

என் கோப்பில் பொறியாளர் அறிக்கை, ரசீதுகள், கண்ணாடித் துண்டின் படங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு நகல் மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டு அலமாரியில். “வீட்டோடு கோப்பும் இறங்கிப் போனால் எதைக் காட்டுவாய்?” என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது அவள்தான்.