ட்ரிங்கோவில இன்ரநெஷனல் ஸ்கூல் லைப்ரரியனா சேர்ந்திருக்கிறீங்களா? முதல் டேர்ம் வேலை இதுதான்

படிப்பைப் பற்றிச் சுருக்கமா சொல்லிட்டுப் போறன். இலங்கை நூலகச் சங்கத்தின்ர டிப்ளோமா இருக்கு, கொழும்பு யுனிவர்சிட்டியில நிலிஸ் எண்ட நூலகப் படிப்பு நிறுவனம் இருக்கு, களனியில டிகிரியே செய்யலாம், வசதிப்பட்டதைச் செய்யுங்கோ. ஆனா திருகோணமலையில வேலை எண்டு வந்திட்டா கதை கொஞ்சம் வேற. ஸ்கூல் மீடியம் இங்கிலிஷ், உவர்மலைப் பிள்ளை வீட்டில கதைக்கிறது தமிழ், கிண்ணியாவில இருந்து வேனில வாற பிள்ளையும் தமிழ், ஆனா கதைக்கிற விதம் வேற, நேவியில இருக்கிறவங்கட பிள்ளையளுக்கு சிங்களம், இவ்வளவு பேரும் ஒரே கதவால உள்ள வருவினம்.

போன உடனே கொம்பியூட்டருக்கு முன்னால இருக்காதீங்கோ, ராக்கையளைச் சுத்திப் பாருங்கோ. அநேகமா வாசலுக்கு நேர பளபளப்பா இங்கிலிஷ் புத்தகம் நிக்கும், தமிழும் சிங்களமும் பின் மூலையில கீழ்த்தட்டில "பிற மொழிகள்" எண்ட லேபிளோட கிடக்கும். அந்த லேபிளை முதல்ல கழட்டுங்கோ. ஊரே கதைக்கிற மொழி எப்பிடி பிற மொழியாகும்?

தகவல் புத்தகங்களை மொழிவாரியாப் பிரிக்காம டூயி நம்பர்படி, அதாவது பாடத்துக்கு ஒரு நம்பர் குடுக்கிற முறைப்படி, கலந்து அடுக்குங்கோ. திமிங்கலம் 599.5 எண்டா இங்கிலிஷ், தமிழ், சிங்களம் மூண்டும் அந்த இடத்திலயே பக்கத்தில பக்கத்தில நிக்கட்டும், முதுகில மட்டும் மொழிக்கு ஒரு கலர் டேப். எங்கட கடலில நீலத் திமிங்கலம் வாற காலத்தில அதைத் தேடி வாற பிள்ளை இங்கிலிஷ் புத்தகத்தை இழுக்கேக்க தமிழ்ப் புத்தகமும் கையில தட்டுப்படும், அது போதும். கதை இலக்கியம் வேற, அது இங்கிலிஷ் 823, தமிழ் 894.811, சிங்களம் 891.48 எண்டு டூயியே பிரிச்சு வச்சிருக்கு, அப்பிடியே விடுங்கோ. சின்னப் பிள்ளையளின்ர படப் புத்தகத்துக்கு நம்பரே வேண்டாம், அட்டை தெரியிற மாதிரி பெட்டியில போடுங்கோ.

சமயப் பகுதியில கவனம். டூயி 1876இல போட்ட திட்டம், 220இல இருந்து 280கள் வரைக்கும் கிறிஸ்தவத்துக்குக் குடுத்திட்டு மிச்சச் சமயம் எல்லாத்தையும் 290களுக்குள்ள நெருக்கி வச்சிருக்கு, பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. நம்பர்படியே மேலயிருந்து கீழ அடுக்கிக்கொண்டு வந்தா ஒரு சமயம் மேல்தட்டிலயும் இன்னொண்டு பிள்ளையளின்ர சப்பாத்துக்குப் பக்கத்திலயும் வந்து நிக்கும். நாலையும் ஒரே தட்டில வரிசையா வையுங்கோ. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வாற ஆக்கள் இதைத்தான் முதல்ல பாப்பினம், நம்புங்கோ.

இப்ப கேட்டலொக். உண்மையான தலையிடி பேரில. சொஃப்ட்வெயர் குடும்பப் பேர் கேக்கும், தமிழாக்களுக்கு அது ஏது? எஸ். ஆர். ரங்கநாதனையே எடுங்கோ, 1931இல நூலகத்துக்கு ஐந்து விதி எழுதின ஆள், எஸ் எண்டது சீர்காழி, ஆர் எண்டது தகப்பன்ட பேர், ஆளின்ர சொந்தப் பேர் கடைசியில இருக்கிற ரங்கநாதன். அதில தேடினாத்தான் ஆள் அகப்படவேணும். சிங்களப் பேரில அநேகமா கடைசியில நிக்கிறது குடும்பப் பேர், அதால போடுறதும் சரி. முஸ்லிம் பேருகளில ஒரே பேரை மூண்டு நாலு விதமா எழுதுவினம். அதால நீங்க ஒரு வடிவத்தை முடிவெடுத்து ஒரு கொப்பியில எழுதி வச்சு, மற்ற எழுத்துக்கூட்டலுகளை அதுக்குக் கீழ "இதைப் பார்க்க" எண்டு போடுங்கோ, லீவில நீங்க போனாலும் அடுத்தவ குழம்பமாட்டா.

சொஃப்ட்வெயருக்கு கோஹா நல்லம், இலவசம், யுனிகோட்டில மூண்டு எழுத்தும் ஓடும். பழைய ஆள் பாமினி எண்ட பழைய ஃபொன்ட்டில அடிச்சு வச்ச லிஸ்ட் இருந்தா அப்பிடியே ஏத்தாதீங்கோ, இங்கிலிஷ் எழுத்துக் குப்பையாத்தான் தெரியும், மாத்தித்தர இலவச கன்வெர்ட்டர் இருக்கு, மாத்தினாப் பிறகு ஒரு தரம் கண்ணால வாசிச்சுப் பாருங்கோ. சிங்களம் வாசிக்கத் தெரியாதெண்டா எழுத்தையாவது பழகிக்கொள்ளுங்கோ, தலைகீழா அடுக்கின புத்தகத்தைப் பாத்து பிள்ளையள் சிரிக்கிறது ஒரு பக்கம், வேலை ஓடவேணுமே.

பிள்ளையள் விசயத்துக்கு வருவம். ஏழாம் ஆண்டில படிக்கிற பிள்ளை இங்கிலிஷில மொத்தப் புத்தகம் வாசிக்கும், தமிழ்ல ரெண்டாம் ஆண்டுப் புத்தகத்துக்கே எழுத்துக்கூட்டும். வாயால கதைக்கிறது வெள்ளமா வரும், அதை நம்பி பெரிய புத்தகம் குடுத்தா அடுத்த கிழமை வரமாட்டுது. அதால தமிழ், சிங்களப் புத்தகங்களில வயது ஸ்டிக்கர் ஒட்டாதீங்கோ, 6-8 எண்டு போட்ட புத்தகத்தை பன்னிரண்டு வயசுப் பிள்ளை கையாலயும் தொடாது, வாசிக்கிற கஷ்டத்துக்கேத்தபடி ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி எண்டு ஒட்டினாக் காணும். ரூம் டு ரீட் எண்ட அமைப்பு இங்க தமிழ்லயும் சிங்களத்திலயும் போட்ட சின்னப் புத்தகங்கள் இதுக்குச் சரியாப் பொருந்தும், ஸ்டோரிவீவர் எண்ட இணையத்தளத்தில இப்பிடிப் புத்தகங்களை இலவசமா இறக்கி பிரின்ட் எடுக்கவும் ஏலும். எங்கட நாட்டுப் பழைய தமிழ்ப் புத்தகம் ஏதாவது ரீச்சர்மார் கேட்டா "நூலகம்" எண்ட இணையத்தளத்தில (noolaham.org) தேடிக்குடுங்கோ.

"இங்கிலிஷ் ஒன்லி" எண்டு போர்ட் போட்ட ஸ்கூலா? பிரின்சிபலிட்ட நேரடியாக் கேளுங்கோ, லைப்ரரிக்குள்ள மட்டும் அது வேண்டாமெண்டு. அம்மம்மாவின்ர பேரிலயும் ஒரு காட் போட்டுக்குடுங்கோ, பேரன் கொண்டுபோற தமிழ்ப் புத்தகத்தை உண்மையில வாசிக்கப்போறது அவதான், அவ வாசிச்சா அவனுக்கும் காதில விழும்.

பிறகு எங்கட ஊர்க் காத்து. கச்சான் காத்துக்கு தூசி, மார்கழி மழைக்கு ஈரம், கடல் உப்பு வருசம் முழுக்க. ராக்கையைச் சுவரோட ஒட்டி வைக்காதீங்கோ, நாலு விரல் இடைவெளி வேணும், கீழ்த்தட்டு நிலத்தில இருந்து அரை அடியாவது உயர நிக்கவேணும். பகலில ஏசி போட்டு இரவில நிப்பாட்டிற லைப்ரரியில பூஞ்சணம் கட்டாயம் வரும், வந்தா ஈரத்துணியால துடைக்காம புத்தகத்தை வெளியில கொண்டுபோய் நிழலில காயவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷால தட்டுங்கோ. இராமபாணப் பூச்சி கண்டா அந்தப் புத்தகத்தை மட்டும் பொலித்தீனில இறுக்கிக் கட்டி ரெண்டு கிழமை டீப் ஃப்ரீசரில வையுங்கோ, கன்டீன் மீன் இல்லாத ஃப்ரீசரா பாத்து.

காசு விசயம் ஒண்டு மிச்சம். கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி செப்டெம்பரில வரும், அதுக்கு ரெண்டு மாசம் முந்தியே தமிழுக்கும் சிங்களத்துக்கும் தனித்தனி பட்ஜெட் எழுதி சைன் வாங்கி வையுங்கோ, பொதுப் பட்ஜெட்டெண்டு விட்டா முழுக்க இங்கிலிஷுக்குப் போயிடும். போகேக்க சிங்கள ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, சிங்களப் புத்தகத்தை அவவே தெரிவு செய்யட்டும்.